பிள்ளைகள் கையில் பொறுப்பைக் கொடுத்தவர்: டாக்டர் ஜாகிர் ஹுசைன்

டாக்டர் ஜாகிர் ஹுசைன் என்ற பெயரைக் கேட்டதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது ஒரு பொது அறிவு வினாவின் விடைதான்: இந்தியாவின் முதல் முஸ்லிம் குடியரசுத் தலைவர். இளையான்குடியில் அவர் பெயரால் ஒரு கல்லூரி இயங்கி வருவதையும் சிலர் சொல்வார்கள். ஆனால் அவர் குடியரசுத் தலைவராக இருந்தது முழுதாக இரண்டு ஆண்டுகள்கூட இல்லை. அதற்கு வெகு முன்பே, ஆசிரியர்களுக்குச் சம்பளம்கூட ஒழுங்காகக் கொடுக்க முடியாத ஒரு கல்வி நிலையத்தை 22 ஆண்டுகள் அவர் தலைமையேற்று நடத்தினார். அங்கே ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகள் கையில் கடையையும் கணக்கையும் கொடுத்து, பொறுப்பு என்றால் என்ன என்று கற்றுக்கொடுத்தார்கள்.

இன்று நம் பிள்ளைகள் படிக்கும் பள்ளிகளில் 'மாணவர் தலைவர்' என்றால் சட்டையில் குத்தும் ஒரு பேட்ஜ், ஆண்டு விழாவில் ஒரு வரவேற்புரை என்ற அளவோடு பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. நூறு ஆண்டுகளுக்கு முன்பே இதை வேறு விதமாகச் சிந்தித்த ஒரு முஸ்லிம் கல்வியாளரின் வாழ்க்கையை நம் குடும்பங்கள் அறிந்துகொள்வது நல்லது.

இளமையில் இழப்பு

1897 பிப்ரவரி 8 அன்று ஹைதராபாத்தில் ஜாகிர் ஹுசைன் பிறந்தார். குடும்பத்தின் பூர்வீகம் இன்றைய உத்தரப்பிரதேசத்தின் ஃபரூக்காபாத் மாவட்டத்தில் உள்ள காயிம்கஞ்ச். பட்டாணியர் வம்சம். தந்தை ஃபிதா ஹுசைன் கான் ஹைதராபாத்தில் வழக்கறிஞராக நன்றாகச் சம்பாதித்தவர். அவருக்கு ஏழு ஆண் மக்கள், ஜாகிர் மூன்றாமவர். 1907இல் தந்தை இறந்தபோது ஜாகிருக்கு வயது பத்து. குடும்பம் காயிம்கஞ்சுக்குத் திரும்பியது. நான்கு ஆண்டுகள் கழித்து, 1911இல், கொள்ளைநோய் தாயையும் கொண்டுபோனது.

அப்போது அவர் இட்டாவாவில் இஸ்லாமியா உயர்நிலைப் பள்ளியின் விடுதி மாணவர். அந்தப் பள்ளியை நிறுவியவர் மௌலவி பஷீருத்தீன். தலைமையாசிரியர் சையத் அல்தாஃப் ஹுசைன். ஐவேளைத் தொழுகை, எளிய உடை, சொந்த வேலையைத் தானே செய்தல் ஆகியவை அங்கே பாடத்தின் பகுதியாகவே இருந்தன. மாணவர்கள் மேடையேறிப் பேசவும் பழக்கப்பட்டார்கள். தாய் தந்தையை இழந்த பிள்ளைக்கு அந்தப் பள்ளியே இன்னொரு வீடாக ஆனது.

அது துருக்கி உஸ்மானிய அரசு பால்கன் போரில் தத்தளித்த காலம். இந்திய முஸ்லிம்களின் உள்ளமெல்லாம் அங்கேதான் இருந்தது. சிறுவன் ஜாகிர் ரயில் நிலையத்துக்குப் போய்ச் செய்தித்தாள் வாங்கி வந்து, போர்ச் செய்திகளைச் சக மாணவர்களுக்குச் சொல்வார். துருக்கிக்கு நிதி திரட்டும் வேலையிலும் முன்னே நின்றார். தலைமைப் பண்புக்கு அவருக்குக் கிடைத்த முதல் பயிற்சி இதுவே.

விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது ஹசன் ஷா என்ற சூஃபிப் பெரியவரின் தொடர்பு அவருக்குக் கிடைத்தது. புத்தகங்கள் மீது தீராத காதல் கொண்டவர் அந்தப் பெரியவர். அரிய நூல்களைத் தேடித் தேடிச் சேர்ப்பார். அவற்றைப் பிரதியெடுத்துக் கொடுக்கும் வேலை ஜாகிருக்கு. பொறுமையோடு உட்கார்ந்து பிழையின்றி எழுதும் பழக்கமும், அடக்கமும் அங்கே வந்தன.

அலிகர் மாணவர் தலைவர்

மருத்துவம் படிக்க விரும்பி லக்னோவில் சேர்ந்தார். உடல்நலம் கெட்டு அதைத் தொடர முடியாமல் போனது. பிறகு சர் சையத் அஹ்மத் கான் நிறுவிய அலிகர் முஹம்மதன் ஆங்கிலோ ஓரியண்டல் கல்லூரியில் பொருளாதாரம் படித்தார். அங்கே பேச்சுப் போட்டிகளில் பரிசு பெறுபவர், மாணவர் சங்கத்தின் துணைத்தலைவர், நகைச்சுவையாகப் பேசும் நண்பர் என்று எல்லோருக்கும் தெரிந்தவர் ஆனார். நண்பர்கள் அவரை 'முர்ஷித்' என்று அன்போடு அழைத்தார்கள்.

சங்க மேடையில் நன்றாகப் பேசுவது ஒரு திறமை. அந்தப் பேச்சுக்கு விலை கொடுக்க வேண்டிய நேரம் 1920இல் வந்தது. கிலாஃபத் இயக்கமும் ஒத்துழையாமை இயக்கமும் ஒன்றுசேர்ந்து நடந்த ஆண்டு அது. அரசு உதவி பெறும் கல்விக்கூடங்களை விட்டு வெளியேறுங்கள் என்று கேட்டுக்கொள்ள காந்தியடிகளும் அலி சகோதரர்களும் அக்டோபர் 12 அன்று அலிகர் வந்தார்கள். அன்று ஜாகிர் ஹுசைன் மருத்துவ ஆலோசனைக்காக டெல்லி சென்றிருந்தார். திரும்பி வந்தபோது மாணவர்களில் சிலர் வந்தவர்களின் பேச்சைக் கேலி செய்து சிரித்துக்கொண்டிருந்ததைக் கேட்டார். அது அவரை வெட்கப்பட வைத்தது.

கோபப்பட்டுக் கோஷம் எழுப்புவதோடு அவர் நிற்கவில்லை. மறுபடியும் டெல்லிக்குப் போய் ஹகீம் அஜ்மல் கான், டாக்டர் அன்சாரி, மௌலானா முஹம்மது அலி ஆகிய தலைவர்களைச் சந்தித்தார். வெளியேறச் சொன்னால் மட்டும் போதாது, வெளியேறும் மாணவர்கள் படிக்க ஓர் இடம் வேண்டும். அப்படி ஒரு தேசியக் கல்வி நிலையம் தொடங்கினால் ஆசிரியர்களும் மாணவர்களும் வரத் தயார் என்று எடுத்துச் சொன்னார். அப்போது அவருக்கு வயது 23. மேற்படிப்பு படித்துக்கொண்டே அந்தக் கல்லூரியில் பாடம் நடத்தும் வாய்ப்பும் பெற்றிருந்தவர். முன்னே நல்ல எதிர்காலம் காத்திருந்தது. அதை விட்டு எழுந்தார்.

1920 அக்டோபர் 29, வெள்ளிக்கிழமை. அலிகர் கல்லூரிப் பள்ளிவாசலில், மால்டா சிறையிலிருந்து சில மாதங்களுக்கு முன் விடுதலையாகி வந்திருந்த ஷைகுல் ஹிந்த் மௌலானா மஹ்மூதுல் ஹஸன் (ரஹ்) அவர்கள் ஜாமிஆ மில்லியா இஸ்லாமியாவைத் தொடங்கிவைத்தார்கள். கடும் நோயில் இருந்த அவர்களின் உரையை மௌலானா ஷப்பீர் அஹ்மத் உஸ்மானி வாசித்தார்கள். அடுத்த மாதமே ஷைகுல் ஹிந்த் அவர்கள் மறைந்தார்கள். ஹகீம் அஜ்மல் கான் வேந்தராகவும் மௌலானா முஹம்மது அலி துணைவேந்தராகவும் பொறுப்பேற்றார்கள். கட்டடம் இல்லாததால் கூடாரங்களில் வகுப்புகள் நடந்தன.

பெர்லினிலிருந்து ஒரு தந்தி

1922இல் ஜாகிர் ஹுசைன் ஜெர்மனி சென்றார். பெர்லினில் பொருளாதாரத்தில் டாக்டர் பட்டத்துக்கு ஆய்வு செய்தார். இந்திய வேளாண்மையின் அமைப்பே ஆய்வுப் பொருள். அங்கிருந்த நாட்களில் மிர்ஸா காலிபின் கவிதைத் தொகுப்பை அழகிய சிறு நூலாக அச்சிட்டு வெளியிட்டதும் உண்டு. இவற்றைவிட அவர் மனதில் ஆழப் பதிந்தது ஜெர்மனியின் புதிய பள்ளிக்கல்விச் சிந்தனை. கெர்ஷன்ஸ்டைனர் போன்ற கல்வியாளர்கள், குழந்தை கையால் வேலை செய்தும் பிறரோடு சேர்ந்து உழைத்தும்தான் நல்ல குடிமகனாக வளர முடியும் என்று வாதிட்டு வந்தார்கள்.

இதற்கிடையே இங்கே ஜாமிஆவின் நிலை மோசமானது. 1924இல் துருக்கியே கிலாஃபத்தை ஒழித்துவிட்டது. இயக்கம் ஓய்ந்தது, நன்கொடைகள் நின்றன. மூடிவிடலாம் என்ற பேச்சு எழுந்தது. ஹகீம் அஜ்மல் கான் விடவில்லை. 1925இல் ஜாமிஆ அலிகரிலிருந்து டெல்லி கரோல் பாக் பகுதியின் வாடகைக் கட்டடங்களுக்கு மாறியது. செய்தி பெர்லினை எட்டியபோது ஜாகிர் ஹுசைனும், அங்கே உடன் இருந்த ஆபித் ஹுசைன், முஹம்மது முஜீப் ஆகியோரும் தங்கள் வாழ்நாளை ஜாமிஆவுக்கே கொடுக்கத் தயார், நாங்கள் வரும்வரை மூட வேண்டாம் என்று தெரிவித்தார்கள். 1926இல் மூவரும் நாடு திரும்பினார்கள். 29 வயதில் ஜாகிர் ஹுசைன் ஜாமிஆவின் துணைவேந்தரானார்.

அடுத்த ஆண்டு இறுதியில் ஹகீம் அஜ்மல் கான் இறந்ததும் இருந்த ஒரே பெரிய ஆதரவும் போனது. ஆசிரியர்கள் ஒன்றுகூடி ஒரு கல்விச் சங்கம் அமைத்தார்கள். மாதம் 150 ரூபாய்க்கு மேல் சம்பளம் வாங்குவதில்லை, குறைந்தது 20 ஆண்டுகள் இங்கேயே பணிபுரிவோம் என்று உறுதி எடுத்தார்கள். அந்தத் தொகையும் முழுதாகக் கைக்கு வராத மாதங்கள் பல. ஐரோப்பாவில் படித்துத் திரும்பியவர்களும் அவர்களில் இருந்தார்கள், வேறு எங்கு சென்றாலும் பல மடங்கு சம்பாதித்திருக்கக் கூடியவர்கள். பெரும் செல்வந்தர்களை மட்டும் நம்பாமல், சிறு தொகை கொடுக்கும் சாதாரண மக்களையே ஜாமிஆவின் புரவலர்களாக ஆக்கினார்கள். ஷஃபீகுர் ரஹ்மான் கித்வாய் அதற்காக அலைந்து திரிந்தார்.

பிள்ளைகளின் வங்கி, பிள்ளைகளின் கடை

பல்கலைக்கழகத் துணைவேந்தர் என்ற பதவியில் இருந்துகொண்டு ஜாகிர் ஹுசைன் அதிக அக்கறை செலுத்தியது ஆரம்பப் பள்ளியின் மீது. அடித்தளம் அங்கேதான் போடப்படுகிறது என்பது அவருடைய உறுதியான எண்ணம்.

அந்தப் பள்ளியில் அப்துல் கஃப்பார் மத்ஹோலி என்றொரு ஆசிரியர் இருந்தார். அவரும் சக ஆசிரியர்களும் செயல்திட்ட முறையில் பாடம் நடத்தினார்கள். பிள்ளைகளே நடத்தும் ஒரு வங்கி வந்தது. கையில் கிடைக்கும் சில்லறையைப் பிள்ளைகள் அதில் போட்டு வைப்பார்கள். பிள்ளைகளே கணக்கு எழுதுவார்கள். பிள்ளைகளே நடத்தும் ஒரு கடை வந்தது. தோட்டம் வந்தது, கோழிப்பண்ணை வந்தது. கூட்டல், கழித்தல், வட்டமான கையெழுத்து, கடிதம் எழுதுவது எல்லாம் இவற்றின் வழியாகவே நடந்தன. கணக்கு பொருந்தவில்லை என்றால் அது நோட்டில் சிவப்பு மையில் விழும் கோடாக முடிந்துவிடாது. இன்னொரு பிள்ளையின் காசு எங்கே போனது என்ற கேள்வியாக வந்து நிற்கும். அமானிதம் என்ற சொல்லைப் பாடமாகப் படிப்பதற்கும், பத்து வயதில் பிறர் காசுக்குப் பொறுப்பேற்பதற்கும் எவ்வளவு வேறுபாடு!

'பிள்ளைகளின் அரசு' என்ற அமைப்பும் அங்கே இருந்தது. பிள்ளைகள் தங்களுக்குள் பொறுப்பாளர்களைத் தேர்ந்தெடுத்து, பள்ளி, விடுதி வாழ்வின் அன்றாடக் காரியங்களைக் கவனித்தார்கள். பெரிய மாணவர்களுக்கு 'அஞ்சுமனே இத்திஹாத்' என்ற மாணவர் சங்கம் இருந்தது. ஜாமிஆவின் நிறுவன நாளையொட்டி நடக்கும் கல்வி விழாவில் மாணவர்களின் பங்கு பெரிது. சிறுவர்களுக்கென்று 'பயாமே தாலீம்' என்ற இதழும் வெளிவந்தது.

ஜெர்மனியில் பழக்கமான கெர்டா ஃபிலிப்ஸ்போர்ன் என்ற யூதப் பெண்மணி 1930களின் தொடக்கத்தில் டெல்லி வந்து இந்த ஆரம்பப் பள்ளியில் சேர்ந்துகொண்டார். சின்னஞ்சிறு பிள்ளைகளுக்கு அவர் 'ஆப்பா ஜான்' ஆனார். 1943இல் இறக்கும்வரை ஜாமிஆவே அவர் குடும்பம். அந்த வளாகத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

1935 மார்ச் 1 அன்று டெல்லிக்கு வெளியே ஓக்லாவில் ஜாமிஆவுக்குச் சொந்தக் கட்டடம் எழுப்ப அடிக்கல் நாட்டினார்கள். நவாபுகளும் கவர்னர்களும் அடிக்கல் நாட்டிய காலம் அது. ஜாமிஆவுக்கு அடிக்கல் நாட்டியது யார் தெரியுமா? அங்கே படித்த மாணவர்களில் எல்லோரிலும் இளைய சிறுவன். இது யாருடைய இடம் என்பதை ஊருக்குச் சொல்ல வேறு பேச்சு தேவைப்படவில்லை.

சொல்லாமல் கற்றுக்கொடுத்தது

ஜாகிர் ஹுசைன் அவர்களைப் பற்றிப் பரவலாகச் சொல்லப்படும் ஒரு நிகழ்ச்சி உண்டு. மாணவர்கள் காலணிகளைத் துடைத்துப் பளபளப்பாக வைத்துக்கொண்டு வர வேண்டும் என்று அறிவுறுத்தியிருந்தார். பலர் கண்டுகொள்ளவில்லை. ஒருநாள் காலை மாணவர்கள் வந்தபோது வாசலில் பாலிஷும் பிரஷுமாகத் துணைவேந்தரே உட்கார்ந்திருந்தார். அழுக்குக் காலணியோடு வந்தவர்களின் காலணியை வாங்கித் துடைக்கத் தொடங்கினார். அதற்குப் பிறகு அறிவுரைக்கு அவசியம் ஏற்படவில்லை.

இன்னொரு நிகழ்ச்சி மனதை உலுக்கக் கூடியது. ஆரம்பப் பள்ளியில் பிள்ளைகளுக்கு இனிப்பு வழங்கிக்கொண்டிருந்தார். அப்போது ஒருவர் வந்து அவர் காதில் ஏதோ சொன்னார். அவருடைய சின்ன மகள் ரைஹானா இறந்துவிட்டாள் என்ற செய்தி அது. அவர் முகம் வெளிறியது. ஆனால் கை நிற்கவில்லை. கடைசிப் பிள்ளை வரை இனிப்பைக் கொடுத்து முடித்த பிறகே வீட்டுக்குப் போனார். பிள்ளைகள் அவ்வளவு மகிழ்ச்சியாக இருந்தார்கள், அதைக் கலைக்க மனம் வரவில்லை என்பதே பின்னர் அவர் கூறிய காரணம்.

அவர் சிறுவர்களுக்காக எழுதிய கதைகளில் 'அப்பு கானின் ஆடு' புகழ்பெற்றது. கட்டிப்போட்ட கயிற்றை விட்டு மலைக்கு ஓடி, ஓநாயோடு விடியும்வரை போராடும் ஆட்டின் கதை. அதை அவர் தன் பெயரில் வெளியிடவில்லை. ருகையா ரைஹானா என்ற புனைபெயரில் வெளியிட்டார். மகளின் பெயர் அதில் இருப்பதைக் கவனியுங்கள்.

நாடு தழுவிய பணி

1937 அக்டோபரில் வார்தாவில் காந்தியடிகள் கூட்டிய கல்வி மாநாடு, புதிய பாடத்திட்டம் வகுக்கும் குழுவுக்கு ஜாகிர் ஹுசைனைத் தலைவராக்கியது. எல்லாப் பிள்ளைகளுக்கும் ஏழு ஆண்டு இலவசக் கட்டாயக் கல்வி, தாய்மொழி வழி, கைத்தொழிலை நடுவாகக் கொண்டது என்ற ஆதாரக் கல்வித் திட்டம் அந்த ஆண்டின் இறுதிக்குள் தயாரானது. கைத்தொழில் என்ற பெயரில் பிள்ளைகளைச் சம்பாதிக்கும் இயந்திரங்களாக ஆக்கிவிடும் ஆபத்தையும் அக்குழு எச்சரித்தது.

திட்டத்துக்குக் கடும் எதிர்ப்பும் எழுந்தது. அதில் சமய போதனைக்கு இடமில்லை என்பது முஸ்லிம்கள் தரப்பில் முக்கியமான குறை. முஸ்லிம் லீக் அதை வன்மையாக எதிர்த்தது. அவர் நடத்திய ஜாமிஆவிலோ தீனிய்யாத் பாடமும் தொழுகையும் அன்றாட வாழ்வின் பகுதியாகவே இருந்தன. எதிர்த்தவர்களோடு அவர் உறவை முறித்துக்கொள்ளவில்லை. 1946 நவம்பரில் ஜாமிஆவின் வெள்ளிவிழா நடந்தபோது நேருவும் ஆஸாதும் ஒருபுறம், ஜின்னாவும் லியாகத் அலி கானும் மறுபுறம் என ஒரே மேடையில் அமர்ந்தார்கள். கல்கத்தாவும் பீகாரும் பற்றி எரிந்துகொண்டிருந்த நேரம். இந்தத் தீயை மூட்டியது யார் என்று விசாரிக்க இப்போது நேரமில்லை, முதலில் அணையுங்கள் என்ற பொருளில் அவர் அந்தத் தலைவர்களிடம் மன்றாடினார்.

தீ அணையவில்லை. 1947 ஆகஸ்டில் ரயிலில் சென்றுகொண்டிருந்த அவரையே ஜாலந்தர் நிலையத்தில் கொலைவெறிக் கும்பல் சூழ்ந்தது. ஒரு சீக்கிய ராணுவ அதிகாரியும் ஓர் இந்து ரயில்வே அலுவலரும் காப்பாற்றினார்கள். அதே கலவரத்தில் கரோல் பாக்கில் இருந்த ஜாமிஆவின் புத்தக நிலையம் எரிக்கப்பட்டது. ஓக்லா வளாகம் அச்சத்தில் உறைந்தது. ஆனால் கொஞ்ச நாளிலேயே ஜாமிஆவின் ஆசிரியர்கள், வீடிழந்து வந்த அகதிகளின் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கப் போனார்கள்.

1948இல் மௌலானா ஆஸாதின் வேண்டுகோளை ஏற்று அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகத் துணைவேந்தரானார். 28 ஆண்டுகளுக்கு முன் எந்த வளாகத்தை விட்டு வெளியேறினாரோ, அதையே பிரிவினைக்குப் பிந்தைய சந்தேகப் பார்வைகளிலிருந்து காக்கும் பொறுப்பு அவரிடம் வந்தது. 1956 வரை அங்கிருந்தார். பிறகு பீகார் ஆளுநர், 1962இல் குடியரசுத் துணைத்தலைவர், 1963இல் பாரத ரத்னா, 1967 மே 13 அன்று குடியரசுத் தலைவர். எந்த மாளிகைக்குப் போனாலும் ரோஜாச் செடிகளும், அவர் ஆசையாகச் சேர்த்த தொல்லுயிர்க் கற்களும், புத்தகங்களும் உடன் சென்றன. 1969 மே 3 அன்று பதவியில் இருக்கும்போதே மரணம் வந்தது. ஜாமிஆ வளாகத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

நமக்கு என்ன?

இன்று நம் ஊர்களில் ஜமாஅத்துகளும் அறக்கட்டளைகளும் நடத்தும் பள்ளிகள் பல உள்ளன. தேர்ச்சி விழுக்காடு நல்ல செய்தியே. அதோடு, பிள்ளைகள் தாங்களே கணக்கு எழுதி நடத்தும் ஒரு சிறு கடை, மாணவர்கள் தேர்ந்தெடுத்த பொறுப்பாளர்கள் உண்மையாகவே ஏதாவது ஒன்றை முடிவு செய்யும் மாதக் கூட்டம், அவர்களே தயாரிக்கும் ஒரு கையெழுத்து இதழ் இவற்றுக்கு அதிகப் பணம் தேவையில்லை. ஜாமிஆவிலும் பணம் இருக்கவில்லை. பிள்ளைகள் தவறு செய்வார்கள், கணக்கு தவறும், செடி வாடும். அதைப் பொறுத்துக்கொள்ளும் ஆசிரியரும் பெற்றோரும்தான் தேவை.

வீட்டிலும் தொடங்கலாம். ரமலானில் ஸதகா உண்டியலின் பொறுப்பைப் பத்து வயது மகனிடம் கொடுத்துப் பாருங்கள். பெருநாள் செலவுக் கணக்கை மகள் எழுதட்டும். ஒவ்வொருவரும் பொறுப்பாளர், அவரவர் பொறுப்பு பற்றி விசாரிக்கப்படுவார் என்பது நமக்குக் கற்றுத்தரப்பட்ட மார்க்கம். விசாரணை வரும் என்று சொல்லிவிட்டு, பொறுப்பை மட்டும் கொடுக்காமல் வளர்த்தால் பிள்ளைகள் எங்கே கற்றுக்கொள்வார்கள்?

கல்விப் பணிக்காகத் தம் வாழ்வையே தந்த மர்ஹூம் டாக்டர் ஜாகிர் ஹுசைன் அவர்களின் பிழைகளைப் பொறுத்து, நற்பணிகளை அல்லாஹ் ஏற்றுக்கொள்வானாக. நம் பிள்ளைகளை நம்பிக்கைக்கு உரியவர்களாக வளர்க்கும் பொறுமையை நமக்கும் தருவானாக. ஆமீன்.